முக்காடு போட்ட சோளம்

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஆண்டவனைத் தரிசிக்கத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். கடலில் முங்கி, நாழிக்கிணற்றுத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு, வரிசையில் மணிக்கணக்காக நின்று, பன்னீர் இலையில் விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மனம் நிறைந்திருந்தது, வயிறு காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று ஒரு வாசனையைக் கொண்டுவந்தது. கரி நெருப்பில் பச்சைத் தானியம் கருகுகிற வாசனை. அதன் மேல் லேசாக எலுமிச்சம்பழம்.

என்னோடு வந்த பேரன் என்னை முந்திக்கொண்டான். சென்னைப் பிள்ளை, எட்டு வயது. “தாத்தா, சோளம்!” என்று கத்திக்கொண்டு மணலில் ஓடினான்.

பழைய தகர டின்னை வெட்டிச் செய்த அடுப்பு. அதன் முன்னால் ஓர் ஆச்சி குந்தியிருந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். பொறி பறந்தது. அவள் கதிரைத் திருப்புகிற விதத்தில் ஓர் அவசரமின்மை இருந்தது. பேரன் மறுபடியும், “சோளம் ஒண்ணு குடுங்க பாட்டி” என்றான். ஆச்சி விசிறியை நிறுத்தினாள்.

“இதையா சோளம்ங்கே? இது மக்காச்சோளம்லா. சோளம் வேறய்யா. சோளத்தைக் கண்ணுல கண்டிருக்கியா நீ?”

பையன் என்னைப் பார்த்தான். தன் தாத்தா கரிசல்காட்டுக்காரர், சோளம் தின்று வளர்ந்தவர் என்று பெருமை பேசுகிறவராயிற்றே, பதில் சொல்லட்டும் என்ற பார்வை. நான் என்ன சொல்ல? அவனுக்கு ஒரு சோளக்கதிரைக் காட்ட வேண்டுமென்றால் எங்கே அழைத்துப் போவது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

என் சிறுவயதில் சோளம் என்றால் ஒரே சோளந்தான். ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்த தட்டையின் உச்சியில், குஞ்சம் கட்டினாற்போல் உருண்டு திரண்டு நிற்கிற கதிர். வெள்ளைச் சோளம், செஞ்சோளம், கருநிறம் ஓடிய இருங்குச் சோளம் என்று அதில் வகைகள். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில் அறுப்பு. இடைப்பட்ட மார்கழிக் கடைசியில் கதிர் பால் பிடித்து, பால் கெட்டியாகத் தொடங்குகிற ஒரு பத்து நாள் இருக்கிறதே, அதுதான் எங்களுக்குத் திருவிழா.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போவார்கள். பாட்டி கட்டுச்சோற்று மூட்டையோடு ஒரு கட்டு இளங்கதிரையும் வண்டியில் போட்டுக்கொள்வாள். மாட்டை அவிழ்த்துவிடுகிற இடத்தில் காய்ந்த தட்டைகளைக் கூட்டித் தீ மூட்டி, தீ தணிந்ததும் கதிர்களைத் தணலில் புரட்டி எடுப்பாள். பிறகு சூட்டோடு சூடாக இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கி, ‘ப்பூ’ என்று ஒரு ஊது. உமி பறந்துவிடும். கையில் பச்சையும் வெள்ளையுமாகப் புகை வாசனை வீசுகிற மணிகள் இருக்கும். அதற்கு உப்பில்லை, காரமில்லை. கூட வேண்டுமானால் ஒரு கடி கருப்பட்டி. அவ்வளவுதான்.

இந்தச் சுட்ட இளங்கதிர் நம் பக்கத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் இதையே ‘ஹுர்டா’ என்றும் சூரத்தில் ‘போங்க்’ என்றும் சொல்லி, பனிக்காலத்தில் ஊரைக் கூட்டி விருந்தாகத் தின்கிறார்கள். நாம் மட்டும் ஏன் விட்டோம் என்று யோசித்தால், விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தணலும் இருக்கிறது, கதிரும் இருக்கிறது, சுடுகிற ஆச்சியும் இருக்கிறாள். கதிர் மட்டும் மாறிவிட்டது. பழையவன் உட்கார்ந்திருந்த திண்ணையில் புதியவன் வந்து உட்கார்ந்து, பழையவன் பெயரையும் போட்டுக்கொண்டு, தபாலையும் வாங்கிக்கொள்கிறான்.

புதியவனுக்கு ஊர் எது? மெக்சிகோ. அங்கே ‘தியோசிந்தே’ என்ற ஒரு காட்டுப் புல்லைச் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னால் குடியானவர்கள் வீட்டுப் பயிராக்கினார்கள். மிகச் சிறிய கதிர். அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து முழங்கை நீளத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொலம்பஸின் ஆட்கள் 1492 நவம்பரில் க்யூபாத் தீவில் இதைக் கண்டார்கள். அத்தீவுகளில் இதற்கு வழங்கிய பெயரிலிருந்துதான் ‘மெய்ஸ்’ என்ற சொல் பிறந்தது. அப்புறம் அது உலகத்தைச் சுற்றிய வேகத்தைப் பார்த்தால், மனிதனைவிட அந்தத் தானியத்துக்குத்தான் பிரயாண ஆசை அதிகம் போலிருக்கிறது.

போன இடமெல்லாம் ஒரு வேடிக்கை. எந்த ஊர்க்காரனும் இதைத் தன்னுடையதாக ஒப்புக்கொள்ளவில்லை. இத்தாலியன் ‘துருக்கித் தானியம்’ என்றான். துருக்கியன் ‘மிஸிர்’, அதாவது எகிப்து என்றான். நம் தேசத்தில் மக்கா, மக்கை என்று பெயர் விழுந்தது. அரேபியாவின் மக்காவிலிருந்து வந்ததென்று எண்ணி வைத்த பெயர் என்பார்கள். (எங்கள் தெற்கத்திச் சீமையில் ‘ஏ மக்கா’ என்றால் பிள்ளையை அருமையாகக் கூப்பிடுவது. சின்ன வயதில், இது செல்லச் சோளம் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.) தெலுங்கர் தங்கள் சோளமான ‘ஜொன்ன’வோடு சேர்த்து ‘மொக்கஜொன்ன’ என்றார்கள். சிங்களத்தில் ‘பட இரிங்கு’. ‘பட’ என்றால் வயிறு. உச்சியில் காய்க்காமல் தண்டின் நடுவயிற்றில் காய்க்கிறதல்லவா? ‘இரிங்கு’வைப் பாருங்கள், நம்முடைய இருங்குச் சோளத்தின் உடன்பிறப்பாகத் தோன்றவில்லையா!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கன்னடத்துப் பெயர்: ‘முசுகின ஜோள’. முக்காடு போட்ட சோளம். இதை வைத்தவர் யாரோ, நல்ல கதாசிரியராக இருந்திருக்க வேண்டும். பழைய சோளம் தலையைத் திறந்துபோட்டு வெயிலில் நிற்கும். புதிய சோளம் ஏழெட்டுத் தோகைகளால் இழுத்து மூடிக்கொண்டு, குடுமியை மட்டும் வெளியே காட்டும். பெயரிலேயே இரண்டு பயிரின் சரித்திரமும் வந்துவிட்டது.

நம் நாட்டுக்கு இது போர்த்துக்கீசியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், அவர்களுடைய கப்பல்கள் வழியே வந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வரலாறு. அந்தக் கப்பல்களுக்குத் திருச்செந்தூர்க் கடல் புதிதல்ல. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1535, 1536, 1537 என்ற மூன்றாண்டுகளில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவர்களானார்கள். 1542-இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். தெற்கே மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை இன்றும் காட்டுகிறார்கள். ஞானஸ்நானத்தையும் பீரங்கியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற சரித்திரக்காரர்கள், அந்த நூற்றாண்டில் நம் அடுக்களைக்கு வந்து சேர்ந்தவற்றை ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். மிளகாய் வந்தது. அன்னாசி வந்தது. கொய்யா வந்தது. பறங்கியன் பெயரையே சுமந்துகொண்டு பறங்கிக்காய் வந்தது.

மிளகாயைக் கவனியுங்கள். அதுவும் சோளத்தின் தந்திரத்தைத்தான் செய்தது. அதுவரை நம்முடைய காரம் மிளகு. புதிதாக வந்த காய்க்கு ‘மிளகு போன்ற காய்’ என்று பெயர் வைத்தோம்; மிளகாய் ஆயிற்று. இன்றைக்குக் காரம் என்றாலே அதுதான், மிளகு ரசத்தோடும் பொங்கலோடும் ஒதுங்கிவிட்டது. ஆனால் சடங்குகளுக்கு ஞாபகசக்தி அதிகம். பல வீடுகளில் சிராத்தச் சமையலுக்கு மிளகாயைத் தொடுவதில்லை, மிளகுதான். முன்னோர்களுக்குத் தெரியாத பண்டத்தை முன்னோர்களுக்கு எப்படிப் படைப்பது? அதைப்போலவே, எத்தனை ஏக்கரில் விளைந்தாலும் முருகனுக்கு மக்காச்சோள மாவு படைத்தவரை நான் கண்டதில்லை. தேனும் தினைமாவுந்தான் அவனுக்கு.

இப்போது ஆச்சியின் அடுப்புக்குத் திரும்புவோம். அவள் கதிரின் மேல் தேய்த்தது உப்பு, வற்றல் பொடி, எலுமிச்சம்பழம். உப்பு தூத்துக்குடி அளத்து உப்பு. வற்றலும் சோளமும் மெக்சிகோவின் பிள்ளைகள். எலுமிச்சை நம்முடைய ஆசியாவின் பிள்ளை. அதன் இனத்து விதைகளைக் கொலம்பஸ் தம்முடைய இரண்டாம் பிரயாணத்தில், 1493-இல், அந்தப் பக்கம் கொண்டுபோனார். இன்றைக்கு மெக்சிகோவின் தெருமுனையில் சோளம் விற்கிறவனும் சுட்ட கதிரில் எலுமிச்சையைப் பிழிந்து மிளகாய்ப் பொடியைத்தான் தூவித் தருகிறான். அவன் ஆச்சியிடம் கற்கவில்லை, ஆச்சி அவனிடம் கற்கவில்லை. அவர்கள் பண்டம் இரண்டு இங்கே வந்தன, நம் பண்டம் ஒன்று அங்கே போயிற்று. இரண்டு கரையிலும் மூன்றும் ஒரே கதிரின் மேல் கூடிக்கொண்டன. நாக்குக்கு மட்டும் இந்த உலகம் எப்போதுமே சின்னதாக இருந்திருக்கிறது.

சோளம் போர்த்துக்கீசியரோடு வந்ததல்ல, அதற்கு முன்பே இங்கே இருந்தது என்று வாதித்தவர்களும் உண்டு. மைசூருக்கு அருகே சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளர் எழுப்பிய கேசவர் கோயில் இருக்கிறது. அங்குள்ள சிற்பங்கள் சிலவற்றின் கையில், வரிசை வரிசையாக மணி வைத்த ஒரு பொருள். அது மக்காச்சோளக் கதிரேதான் என்று 1989-இல் ஜொஹான்னஸன், பார்க்கர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எழுதினார்கள். கொலம்பஸுக்கு முன்னாலேயே அமெரிக்கப் பயிர் கன்னட நாட்டில்! பெரிய பரபரப்பு. 1993-இல் பாயக், சச்சான் என்ற நம் தேசத்து மக்காச்சோள விஞ்ஞானிகள் இருவர் அதை மறுத்தார்கள். அது சோளமல்ல, ‘முக்தாபலம்’. முத்துகள் பதித்ததாகச் சிற்பி கற்பனை செய்த ஒரு கனி என்றார்கள்.

இந்த மறுப்பைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நம் ஜனங்கள் எந்தக் கதிரைப் பார்த்தாலும் ‘முத்துப் பிடித்திருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? வேப்பமுத்து, ஆமணக்குமுத்து, மாதுளைமுத்து. முத்தைச் சோளமாகக் கண்டார்கள் அமெரிக்கர்கள்; சோளத்தை முத்தாகக் காண்பவர்கள் நாம். அதிலும் இந்தக் கரையில் கேட்கவே வேண்டாம். தாமிரபரணியின் முகத்துவாரத்தில் கொற்கை இருந்த காலத்திலிருந்து முத்துக்காகவே கடலில் மூழ்கிய கரை இது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன் பிறகு இந்தக் கரையில் வரிசை குலையாத முத்து வேண்டுமானால் ஆச்சியின் கூடையில்தான் தேட வேண்டும்.

ஆனால் பழைய சோளம் மட்டும் இந்த மண்ணில் முளைத்ததா என்று கேட்டால், அதுவும் இல்லை. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கம்பும் ஆப்பிரிக்கா, கேழ்வரகும் ஆப்பிரிக்கா. தினைக்குச் சீன தேசத்தைச் சொல்கிறார்கள். எல்லோருமே வந்தவர்கள்தாம், சிலர் மூவாயிரம், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், சிலர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிற சாலையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, இறந்தவர்களோடு வைத்த பானைகளில் நெல்லின் உமியும் சிறுதானியத்தின் உமியும் கிடைத்தன. மறுவுலகப் பயணத்துக்குக் கட்டுச்சோறு. பாட்டி வண்டியில் வைத்த கதிர்க்கட்டைப் போலத்தான்.

அப்படியானால் வந்தவனுக்கும் வந்தவனுக்கும் என்ன வித்தியாசம்? என் எண்ணத்தில் வித்தியாசம் அந்த முக்காட்டில் இருக்கிறது.

திறந்த கதிராக நிற்கிற தினைக்கும் சோளத்துக்கும் காவல் வேண்டும். குருவி விடாது, கிளி விடாது. பரண் கட்டி, கவண் ஏந்தி, ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அப்படிப் பரண்மேல் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துத்தானே நம் செந்திலாண்டவன் வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டு அலைந்தான்? கோயிலை ஒட்டிக் கடலோரத்தில் வள்ளி குகை இருக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் குனிந்து நுழைந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். மக்காச்சோளத் தோட்டத்தில் வள்ளிக்கு வேலை இல்லை. முத்தெல்லாம் முக்காட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. குருவி வந்து கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறது. காட்டுப்பன்றி வேண்டுமானால் இரவில் வந்து உழக்கும். அதற்கு ஆலோலம் போதாது.

இதைக் கதைக்காரன் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் காட்டில் சோளம் ஏன் ஒழிந்தது என்று கேட்டால் சம்சாரிகள் முதலில் சொல்கிற காரணங்களில் ஒன்று, “குருவி வெரட்ட ஆளு யாரு இருக்கா?” என்பதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். போகட்டும், அது நல்லதுதான். பரண்மேல் நின்ற என் அத்தைக்கு எழுத்து தெரியாது.

இனி பக்குவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். இளங்கதிரை வாங்கும்போது தோகை பச்சையாக இருக்க வேண்டும், குடுமி காயத் தொடங்கியிருக்க வேண்டும். நகத்தால் ஒரு முத்தைக் கிள்ளினால் பால் தெறிக்க வேண்டும்; தண்ணீர் தெறித்தால் இளசு, ஒன்றும் தெறிக்காவிட்டால் கோழிக்கு. செடியைவிட்டு ஒடித்த நிமிஷத்திலிருந்து உள்ளே இருக்கிற சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே உலையை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவனே பாக்கியசாலி. நம்மைப் போன்றவர்கள் காலையில் ஒடித்ததை மாலைக்குள் தின்றால் போதும்.

சுடுவதென்றால் ஆச்சியின் முறையைத்தான் சிபாரிசு செய்வேன். வெளித்தோகைகளை உரித்துவிட்டு உள்தோகை இரண்டை விட்டுவைக்கிறாள். முதலில் அதற்குள்ளேயே கதிர் தன் ஈரத்தில் வேகிறது. அப்புறம் அதையும் உரித்தெறிந்து நேரே தணலில் காட்டி, அங்கங்கே கறுக்கவிடுகிறாள். நெருப்பிலிருந்து எடுத்த பிறகுதான் காரம். நெருப்பின் மேலேயே வற்றல்பொடி போட்டால் கடற்கரை முழுதும் இருமும். பொடியும் மாவாக இருக்கக்கூடாது. கல்லுப்போடு சேர்த்து ஒன்றிரண்டாக இடித்தது. அரைமூடி எலுமிச்சம்பழத்தை அதில் ஒற்றி, கதிரின் அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. சாறும் உப்பும் காரமும் ஒன்றாக முத்துகளின் இடுக்கில் இறங்குகின்றன.

வேகவைப்பதும் கௌரவமான வழிதான். உள்தோகையோடு வேகவைத்தால் ஒரு வாசனை வருகிறது. உப்பைப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம். உதிர்த்த முத்துகளை வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, தேங்காய்த் துருவலும் பொடியாக அரிந்த மாங்காயும் சேர்த்துச் சுண்டலாக்கினால் நவராத்திரிக் கொலுவில் கொண்டைக்கடலைக்கு உண்மையான போட்டி ஏற்படும். எங்கள் வீட்டில் செய்கிற ஒன்று வெளியே அதிகம் காணப்படுவதில்லை: முத்துகளைச் சீவி அரைத்துப் பால் பிழிந்து, அடுப்பில் வைத்துக் கிண்டி, உடன்குடிக் கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் விட்டுச் செய்கிற பாயசம். சோளத்தின் மாவே அதைக் கெட்டியாக்கிவிடும். சுக்கு ஒரு துளி. ஏலக்காய் வேண்டாம், கருப்பட்டியோடு அது சண்டை போடும். காகிதக் கிண்ணத்தில் வெண்ணெயும் மசாலாவும் போட்டு ஸ்பூனோடு தருகிறார்களே, அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. பல்லுக்கும் கதிருக்கும் நடுவில் ஸ்பூன் எதற்கு?

மெக்சிகோக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ளாத பக்குவம் ஒன்று உண்டு. முற்றிய சோளத்தை அவர்கள் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, பிறகுதான் அரைப்பார்கள். கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் தானியத்தை ஏற்றினார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதன் பலன்? சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கிற ஒரு வியாதி. ஸ்பெயினில் காஸ்பர் கஸால் என்ற வைத்தியர் 1735-இல் அதை எழுதிவைத்தார். பெல்லாக்ரா என்ற பெயர் பிற்பாடு இத்தாலியில் விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது லட்சக்கணக்கானவர்களைப் பிடித்தது. தொற்றுநோய் என்று எல்லோரும் பயந்தபோது, இல்லை, இது சாப்பாட்டுக் குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1915-இல் சோதனை செய்து காட்டினார். 1937-இல்தான் குறைபாடு நியாசின் என்ற சத்து என்று தெரிந்தது. சோளத்தில் அது இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது. சுண்ணாம்புதான் சாவி. நம்முடைய பழைய சோளத்துக்கும் இந்தப் பழி கொஞ்சம் உண்டு. அதையே தின்ற தக்காணத்து ஏழைகளிடம் இந்த வியாதி கண்டதை ஹைதராபாதில் ஆராய்ந்து 1960-இல் எழுதினார்கள் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும். ஆகவே பழையதெல்லாம் அமிர்தம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கூடவே பருப்பும் கீரையும் மோரும் இருந்த வீட்டில் சோளம் அமிர்தம். சோளம் மட்டுமே இருந்த வீட்டில் அது பசிக்கு மருந்து, உடம்புக்கு வியாதி.

சுண்ணாம்பு திருச்செந்தூர்ப் பக்கத்துக்கு அந்நியமா, என்ன? பனையேறிகள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தானே பதநீர் இறக்குகிறார்கள்? சுண்ணாம்பு இல்லாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். இங்கே சிப்பி சுட்ட சுண்ணாம்பு இருந்தது, சோளமும் வந்தது. இரண்டையும் ஒரே பானையில் போடச் சொல்ல ஒரு மெக்சிகோப் பாட்டி மட்டும் வரவில்லை.

எனக்கும் மக்காச்சோளத்துக்கும் முதற் பரிச்சயம் கதிராக ஏற்படவில்லை, மாவாக ஏற்பட்டது. காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1961-இலிருந்து அதற்கு அமெரிக்காவின் ‘கேர்’ ஸ்தாபனத்து உதவியும் சேர்ந்தது. மூட்டை மூட்டையாக மஞ்சள் மாவு வந்தது. தட்டை நீட்டினால் ஒரு கரண்டி மஞ்சள் உப்புமா விழும். வாசனையே புதிது. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துண்டில் முடிந்துகொள்வான், வீட்டில் தங்கச்சிக்கு. அவனும் சோளம் விதைக்கிற வீட்டுப் பிள்ளைதான். அந்த வருஷம் மழை இல்லை. அந்த உப்புமாவை நன்றாக இல்லை என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது.

இப்போது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அதில் பெரும்பகுதி மனிதர்களுக்கல்ல, நாமக்கல் கோழிகளுக்கு. 2018-இல் அந்தப் பயிரைப் ‘படைப்புழு’ வந்து தாக்கியது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்கிற புழு. முக்காடு குருவிக்குக் காவல். உள்ளே இருக்கிறவனுக்கு அதுவே ஒளிவிடம். அந்தப் புழுவின் சொந்த ஊர் எது என்கிறீர்கள்? அதுவும் அமெரிக்காவேதான். ஐந்நூறு வருஷம் கழித்துத் தன் பழைய சிநேகிதனை விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் அலைந்துதான் கடைசியில் எனக்குச் சோளக்கதிர் கிடைத்தது. மாட்டுத் தீவனத்துக்கென்று ஒரு சம்சாரி அரைக்குறுக்கம் போட்டிருந்தார். தை மாதம், பால் கெட்டியாகிற பருவம். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு நாலு கதிரை ஒடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பொங்கல் லீவுக்கு வந்திருந்த பேரனையும் கதிரையும் அழைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே திருச்செந்தூருக்குப் போனேன். ஆச்சி அதே இடத்தில் இருந்தாள்.

கதிரைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள். “எங்கய்யா கெடச்சுது?” என்று கேட்டாளே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுட்டுக்கொண்டிருந்த மக்காச்சோளத்தை ஓரமாக ஒதுக்கி, நாலு கதிரையும் தணலில் புரட்டினாள். உள்ளங்கையில் கசக்கினாள். ஊதினாள். பேரனின் கையை விரித்து அதில் கொட்டினாள்.

அவன் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “பாட்டி, உப்பு, எலுமிச்சம்பழம்?” என்றான்.

“இதுக்கெதுக்குய்யா அதெல்லாம்? சும்மா தின்னு.”

தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டு அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஓரமாக ஒதுக்கிய மக்காச்சோளம் ஒரு பக்கம் முழுதும் கரியாகிவிட்டது. அதை எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாள்.